கடலோரக் காட்டில் ஆர்க்கிட் தேடுவோருக்கு: வாசகர் கேள்வி – பதில்

கோடியக்கரைக் காட்டில் மரக்கிளைகளைத் தொற்றி வளரும் வாண்டா ஆர்க்கிட்டைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கக் குறிப்பு வெளியாகியிருந்தது. அதைப் படித்துவிட்டு வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கோடை விடுமுறையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து கோடியக்கரைக்குச் சென்று காட்டு ஆர்க்கிட்களைப் பார்க்க விரும்புகிறோம். கடலோரக் காட்டில் அவற்றை எங்கே, எப்படித் தேடுவது?
– பள்ளி ஆசிரியர், குடியாத்தம்

கடலோரக் காடு என்றதும் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் படகில் போய்ப் பார்க்கும் அலையாத்திக் காடுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. நீங்கள் போக வேண்டிய காடு வேறு. விசாகப்பட்டினம் தொடங்கி இராமநாதபுரம் வரை சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய நிலத்தில், ஆண்டு முழுவதும் பச்சை மாறாமல் நிற்கும் குட்டையான மரங்களைக் கொண்ட ஒரு காடு இன்று துண்டு துண்டாக எஞ்சியிருக்கிறது. வறண்ட பசுமைமாறாக் காடு என்று அதை வகைப்படுத்துவார்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டும் மழையை வைத்துக்கொண்டு, அதன் பிறகு வரும் நீண்ட வறட்சியைத் தாங்கி நிற்கும் மரங்கள் அவை. கோடியக்கரைச் சரணாலயம் வெளிமான்களுக்காக 1967இல் அறிவிக்கப்பட்டது என்றாலும், அந்த மான்களோடு சேர்ந்து இந்த அருமையான காட்டின் ஒரு பெரிய துண்டும் காப்பாற்றப்பட்டது என்பதை ஆர்க்கிட் ஆர்வலர்கள் நன்றியோடு நினைக்க வேண்டும்.

இந்தக் காட்டில் தேடுவதற்கு ஒரு வசதி உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆர்க்கிட் தேடுபவர் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். தொலைநோக்கி இல்லாமல் பாதிச் செடிகள் கண்ணில் படாது. கடலோரக் காட்டின் மரங்களோ குட்டையானவை. பாலை, வீரை, காசான் போன்ற மரங்களின் கிளைகள் பல இடங்களில் கண்மட்டத்திலேயே இருக்கும். அவற்றுள் முதிய பாலை மரங்களை முதலில் பாருங்கள். இளம் மரங்களில் நேரத்தைச் செலவிட வேண்டாம். மழைநீரைச் சற்று நேரம் பிடித்து வைக்கக்கூடிய வெடித்த, சொரசொரப்பான பட்டையும், விதை வந்து தங்கிச் செடியாகிப் பூக்கும் வரை பல ஆண்டுகள் அசையாமல் நின்ற கிளையும் ஆர்க்கிட்டுக்குத் தேவை. அடர்ந்த நிழலிலும் அது இருக்காது, வெட்டவெளியிலும் இருக்காது. காட்டின் விளிம்பிலும் நடைபாதையின் ஓரத்திலும் வெயில் சல்லடையிட்டு விழும் நடுக்கிளைகளில் கண்ணை ஓட்டுங்கள்.

அங்கே பெரும்பாலும் நீங்கள் காணப்போவது வாண்டா டெசெலேட்டா. சோழமண்டலக் கரையின் தாவரங்களை ஆராய்ந்த வில்லியம் ராக்ஸ்பர்க் 1795இல் உலகுக்கு விவரித்த செடி இது. பூவுக்கு முன்பே இலையை அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள். தண்டின் இருபுறமும் வரிசையாக, நடுநரம்பில் மடிந்த நாடா வடிவ இலைகள் இருக்கும். அவற்றின் நுனி கூராக முடியாமல், கடித்து எடுத்தது போலக் கோணல்மாணலான பற்களுடன் இருக்கும். தண்டிலிருந்து தடித்த வெண்ணிற வேர்கள் புறப்பட்டுச் சில கிளையோடு ஒட்டி ஓடும், சில காற்றில் தொங்கும். பூக்காம்பு ஒன்றில் ஏழெட்டுப் பூக்கள் இருந்தால், ஒவ்வொன்றையும் அருகில் சென்று பாருங்கள். மஞ்சள் கலந்த பசுமையான இதழ்களின் மேல் பழுப்புக் கோடுகள் கட்டம் கட்டமாகப் பின்னியிருக்கும்; அதே இதழைத் திருப்பிப் பார்த்தால் முதுகு வெள்ளையாக இருக்கும். நடுவில் நீண்டிருக்கும் உதட்டிதழ் மட்டும் நீலமோ ஊதாவோ கலந்த நிறத்தில் தனித்துத் தெரியும். நல்ல மணம் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் போனால், செடியைக் காண்பதற்கு முன்பே மணத்தைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு.

பூநாரைகளையும் வலசைப் பறவைகளையும் பார்ப்பதற்காகப் பெரும்பாலானோர் குளிர்காலத்தில் கோடியக்கரைக்குப் போகிறார்கள். ஆர்க்கிட்டுக்கு அந்தக் காலம் உதவாது. பங்குனி முதல் ஆடி வரைதான் வாண்டா அதிகமாகப் பூக்கும் என்பதால் நீங்கள் கோடை விடுமுறையைத் தேர்ந்தெடுத்தது சரியே. மணற்பாங்கான புதர்க் காட்டில் நடக்கும்போது தரையையும் பாருங்கள். யூலோபியா என்னும் நிலத்து ஆர்க்கிட் முட்புதர்களுக்கு இடையில் தனிக் காம்பாக எழுந்து பூத்திருக்கும். இலைகள் சரியாக வளராத நிலையிலேயே பூக்கும் என்பதால் அதைப் புல்லென்று எண்ணிக் கடந்து விடுபவர்களே அதிகம்.

ஒரு செய்தியை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இந்தக் காட்டின் முதிய மரங்களில் பலவற்றைச் சாய்த்துவிட்டது. மரம் சாய்ந்தால் அதன் மேலிருந்த தொற்றுச் செடிகளுக்கும் அதே கதிதான். சீமைக்கருவேலம் வேறு வேகமாகப் பரவி வருகிறது. ஆகவே பழைய படங்களில் கண்ட அடர்த்தியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். எஞ்சி நிற்கும் மரங்களின் அருமை அதனால் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி தேவை. முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள், வழிகாட்டி ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் வழியாக மரக்காணம் கடற்கரைப் பக்கம் போகலாம். புதுச்சேரிக்கு வடக்கே கீழ்புத்துப்பட்டில் மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுற்றி அதே வகைக் காடு ஒரு கோயில் காடாகப் பிழைத்திருக்கிறது. அய்யனாருக்கு அஞ்சி ஒரு சுள்ளிகூட ஒடிக்காமல் இருந்த ஊர்மக்கள்தான் கடலோரத்தில் இத்தகைய காடுகளைக் காப்பாற்றினார்கள். பூசாரியிடம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

எங்கள் தோட்டத்து மாமரக் கிளையில் ஒரு செடி ஒட்டி வளர்கிறது. புல்லுருவி என்றும் மரத்தைக் கொன்றுவிடும் என்றும் சொல்லி வெட்டச் சொல்கிறார்கள். அது ஆர்க்கிட்டாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். எப்படித் தெரிந்துகொள்வது?
– குடும்பத் தலைவி, ஆம்பூர்

வெட்டுவதற்கு முன் கேட்டீர்களே, அதற்கு என் நன்றி. செடி கிளையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். புல்லுருவியாக இருந்தால் அந்த இடத்தில் கிளை புடைத்து முடிச்சிட்டிருக்கும். அது தன் உறிஞ்சு வேரை மரத்துக்குள் செலுத்தி நீரையும் உப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. பூங்கொத்திக் குருவிகள் அதன் பழத்தைத் தின்று, பிசுபிசுப்பான விதையைக் கிளைக்குக் கிளை பரப்புகின்றன. அத்தகைய செடி பெருகினால் மாமரம் நலிவது உண்மை.

ஆர்க்கிட்டின் வேர் மரத்துக்குள் நுழைவதே இல்லை. பட்டையின் மேல் ஒட்டிக்கொண்டு படரும், அவ்வளவுதான். அந்த வேரின் மேல் உயிரற்ற செல்களாலான பஞ்சு போன்ற உறை ஒன்று இருக்கிறது. காய்ந்த நேரத்தில் அதில் காற்று நிறைந்திருப்பதால் வேர் சாம்பல் கலந்த வெள்ளையாகத் தெரியும். ஒரு கை நீரை அதன் மேல் தெளித்துப் பாருங்கள். உறை நீரை உறிஞ்சியதும் உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியத் தொடங்கும். வேரின் நுனி மட்டும் எப்போதும் பளபளப்பான பச்சையாக இருக்கும். இந்த மாற்றத்தைக் கண்டால் ஐயமே வேண்டாம், அது ஆர்க்கிட்தான். மரத்திடமிருந்து நிற்க இடத்தைத் தவிர வேறெதையும் அது எடுத்துக்கொள்வதில்லை. மழைநீரும், பட்டையில் மட்கிய தூசியும் அதற்குப் போதும். மரத்துக்குச் சுண்ணாம்பு பூசும்போது அந்த வேர்களின் மேல் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் தாவரவியல் படிக்கிறேன். ஆர்க்கிட் பார்க்கக் கடற்கரைக்குத்தான் போக வேண்டுமா? ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் இல்லையா?
– கல்லூரி மாணவி, வாணியம்பாடி

நிச்சயமாக இருக்கின்றன. கண் பழகுவதற்கு முதலில் நம் மலைகளுக்குப் போய்விட்டு அதன் பிறகு கடற்கரைக்குப் போவதே நல்லது என்று எல்லோருக்கும் சொல்லுவேன். கடலோரத்தில் காணும் அதே வாண்டா டெசெலேட்டா உள்நாட்டு மலையடிவாரங்களிலும் வளர்கிறது. அதோடு இங்கே அக்காம்பே பிரிமோர்சா என்னும் ஆர்க்கிட்டும் உண்டு. பார்வைக்கு வாண்டாவின் உறவுபோல இருந்தாலும் இலை தோல்போலத் தடித்து, நுனி இரண்டு சமமற்ற மடல்களாகப் பிளந்திருக்கும்; பூ ஒரு சென்டிமீட்டர் அளவே இருக்கும், மஞ்சள் இதழில் குறுக்காகச் சிவப்புப் பட்டைகள் ஓடும், மணம் இனிமையாக இருக்கும். மரம் கிடைக்காவிட்டால் பாறையிலும் பிடித்து வளரக்கூடியது. வாள் வடிவத் தடித்த இலைகளும் கீழ்நோக்கித் தொங்கும் நீண்ட பூங்கொத்தும் கண்டால் அது சிம்பிடியம் அலோயிஃபோலியம். இலை தட்டையாக இல்லாமல் உருண்டையாக இருந்தால் லூயிசியா.

நிலத்து ஆர்க்கிட்களுக்கு நம் பகுதி இன்னும் பொருத்தமானது. கடற்கரை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருக்கிறது. நமக்கோ ஆனி, ஆடியிலிருந்தே தென்மேற்குப் பருவமழையிலும் ஒரு பங்கு கிடைப்பதால், கோடையில் மண்ணுக்குள் கிழங்காக உறங்கிய செடிகள் முன்கூட்டியே விழித்துக்கொள்கின்றன. இலைகளைத் தரையோடு ஒட்டப் பரப்பி, நடுவிலிருந்து வெள்ளைப் பூக்காம்பை எழுப்புவது ஹாபனேரியா ராக்ஸ்பர்கி. நெர்வீலியாவுக்கு ஒரே ஓர் இலைதான். அதுவும் பூ வாடிய பிறகுதான் தலைகாட்டும் என்பதால் பூவையும் இலையையும் ஒருசேரக் காண்பது அரிது. ஜியோடோரத்தின் பூக்கொத்து தலைகவிழ்ந்து தொங்கும். கருவுற்றுக் காய் பிடித்ததும் அதே காம்பு நிமிர்ந்துகொள்ளும். மலையேற முடியாதவர்கள் மார்கழி, தை மாதங்களில் ஈரம் காயாத புல்தரைகளிலும் வயல் வரப்புகளிலும் சியூக்ஸைனைத் தேடலாம். ஒரு சாண் உயரமே உள்ள அந்தச் செடியை ஆர்க்கிட் என்று சொன்னால் நம்ப மறுப்பவர்கள் பலர்.

ஆலங்காயம் வழியாகக் காவலூர் செல்லும் சாலை உங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. ஆனால் சாலையை விட்டிறங்கிக் காப்புக் காட்டுக்குள் நடப்பதற்கு வனச்சரக அலுவலகத்தில் அனுமதி பெறாமல் போகவே கூடாது. சந்தனமும் செம்மரமும் கடத்தப்படும் மலை அது. பையும் கயிறுமாகக் காட்டுக்குள் திரியும் அந்நியரைக் காவலர்கள் ஐயுறுவது நியாயமே. கரடிகளும் உண்டு. மலைக் கிராமங்களில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் ஆர்க்கிட் எங்கே என்று கேட்பதைவிட, ‘கிளையில் செடி ஒட்டியிருக்கும் பழைய மாமரமோ புளியமரமோ இலுப்பையோ எங்கே நிற்கிறது’ என்று கேளுங்கள். நேராக அழைத்துப் போய் நிறுத்திவிடுவார்.

களத்தில் கண்டவற்றைப் பெயரிட்டு உறுதிசெய்ய, திருச்சி தூய வளனார் கல்லூரியில் உள்ள ராபினாட் உலர்தாவரகத்தின் தொகுப்பு உங்களுக்கு உதவும். அருட்தந்தை கே. எம். மேத்யூ தலைமையில் தமிழகத்தின் கிழக்குப் பகுதித் தாவரங்கள் திரட்டப்பட்டது அங்கேதான். உயிருள்ள செடிகளைப் பார்க்க வேண்டுமானால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தேசிய ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. கல்லூரியிலிருந்து குழுவாகப் போய் வரலாம்.

சுற்றுலா சென்ற இடத்தில் சாலையோரம் காட்டு ஆர்க்கிட் என்று விற்றார்கள். வாங்கி வந்து தொட்டியில் மண்ணிட்டு வளர்த்தேன், ஓராண்டுக்குள் அழுகிவிட்டது. என்ன தவறு செய்தேன்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஆற்காடு

தொற்றி வளரும் ஆர்க்கிட்டின் வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். மண்ணுக்குள் புதைத்தால் அந்தப் பஞ்சுறை ஈரத்திலேயே ஊறி அழுகிவிடும். கரித்துண்டும் தேங்காய் மட்டையும் வைத்திருந்தால் சில காலம் கூடுதலாகப் பிழைத்திருக்கலாம். ஆனால் அப்படிப் பிழைக்க வைக்கும் வழியைச் சொல்லித் தருவதைவிட, அந்தச் செடியை வாங்கியிருக்கவே கூடாது என்று சொல்லுவதுதான் என் கடமை.

ஆர்க்கிட்டின் ஒரு காயில் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் இலட்சக்கணக்கில், விதைகள் இருக்கும். தூசியளவான அந்த விதைக்குள் நெல்லிலோ அவரையிலோ இருப்பது போன்ற உணவுச் சேமிப்பு எதுவும் கிடையாது. காற்றில் பறந்து போய் விழுந்த இடத்தில் அதற்கு ஏற்ற பூஞ்சை இருந்து, அது விதைக்குள் புகுந்து உணவு ஊட்டினால்தான் முளைக்கும். இதை 1899இல் நோயல் பெர்னார் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்தார். பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த ஊடகத்தில் விதையை முளைக்க வைக்கலாம் என்று 1922இல் லூயிஸ் நட்சன் காட்டினார். இன்று நாற்றங்கால்களில் கிடைக்கும் டென்ரோபியம், வாண்டா கலப்பினங்கள் அவ்வாறு ஆய்வகக் குடுவைகளில் பெருக்கப்பட்டவையே. காட்டில் அப்படியொரு குடுவை இல்லை. பூஞ்சை, பட்டை, ஈரம், நிழல் எல்லாம் ஒருங்கே வாய்த்த ஒரு கிளையில் எத்தனையோ விதைகள் வீணான பிறகு முளைத்து, பூக்கும் வயதுக்கு வந்த செடியைத்தான் சாலையோரத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். அதைப் பிடுங்கிய கிளையில் அடுத்த செடி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல இயலாது.

சட்டமும் இதை அனுமதிப்பதில்லை. சரணாலயத்திலிருந்தோ காப்புக் காட்டிலிருந்தோ எந்தச் செடியை எடுப்பதும் குற்றம். அழிவுக்குள்ளாகும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே இடம்பெற்றிருக்கிறது. வீட்டில் வளர்க்க ஆசைப்படுவோர் உரிமம் பெற்ற நாற்றங்காலில் கலப்பினச் செடிகளை வாங்கலாம். நம் ஊர்க் கத்திரி வெயிலைத் தாங்க நிழல்வலை கட்டாயம் வேண்டும். காலையில் வேரும் இலையும் நனைய நீர் தெளித்து, மாலைக்குள் காய விட்டுவிட வேண்டும்.

வாண்டா ஆர்க்கிட்டுக்கு மருத்துவக் குணம் உண்டா?
– வாசகர், திருப்பத்தூர்

ஆயுர்வேதத்தில் ராஸ்னா என்று கூறப்படும் மருந்துக்கு வங்காளப் பகுதியில் வாண்டாவின் வேரைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். தென்னாட்டில் அதே பெயருக்கு அரத்தையைக் கொள்வது வழக்கம். அரத்தை தோட்டத்தில் பயிராகிறது, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. எனவே மருந்துக்காக நம் காட்டு வாண்டாவைத் தொட வேண்டிய தேவை எதுவும் இல்லை.

என் மகன் அந்தமானில் பணிபுரிகிறான். அங்கே ஒரு வெள்ளை ஆர்க்கிட் எல்லா மரங்களிலும் ஒரே நாளில் பூத்து மறுநாளே வாடிவிட்டதாகச் சொல்கிறான். இது உண்மையா?
– வாசகர், சோளிங்கர்

உண்மைதான். உங்கள் மகன் பார்த்தது டென்ரோபியம் குருமினேட்டம் ஆக இருக்கும்; புறா ஆர்க்கிட் என்பார்கள். அதன் மொட்டுகள் ஓரளவு வளர்ந்ததும் நின்றுவிடும். திடீரென்று பெய்யும் கனமழையால் சில மணி நேரத்தில் வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் குறைந்தால், அதுவே எல்லாச் செடிகளுக்கும் ஒரே அழைப்பாக அமைகிறது. அன்றிலிருந்து ஏறத்தாழ ஒன்பதாம் நாள், அந்த வட்டாரத்துச் செடிகள் அனைத்தும் ஒருசேர மலர்கின்றன. பூவின் ஆயுள் ஒரு நாளே என்பதால், வேறு வேறு நாள்களில் பூத்தால் ஒரு செடியின் மகரந்தம் இன்னொன்றைச் சென்று சேர வழியில்லை. பெருமழை பெய்து குளிர்ந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு எட்டாம் நாளிலிருந்து காலையில் மரங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். இந்தியாவின் சுமார் 1,250 ஆர்க்கிட் இனங்களில், பூக்கும் நாளை மழையை வைத்து இவ்வளவு துல்லியமாக முன்கூட்டியே கணிக்கக்கூடியது வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் ஆர்க்கிட்டின் பெயரைச் சொல்ல முடியுமா?
– கல்லூரி மாணவர், வேலூர்

முழுப் பூங்கொத்தின் அழகான படம் ஒன்றை மட்டும் அனுப்பினால் பெரும்பாலும் இயலாது. ஒரு பூவை நேர் எதிரிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுங்கள். பக்கவாட்டுப் படத்தில் உதட்டிதழும் அதன் பின்புறம் நீளும் குழலும் தெளிவாகத் தெரிய வேண்டும், ஏனெனில் இனங்களைப் பிரிப்பது பெரும்பாலும் அந்த இரண்டுமே. இலை நுனியையும், வேர் கிளையைப் பற்றியிருக்கும் விதத்தையும், மரத்தின் பட்டையையும் தனித்தனியே எடுங்கள். அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பூவின் அருகில் பிடித்துக்கொள்ளலாம். பூவைப் பறிக்கவோ கிளையை வளைக்கவோ வேண்டாம். தேதி, மரத்தின் பெயர், தரையிலிருந்து உயரம் ஆகியவற்றை உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

இடத்தின் பெயரை மட்டும் சமூக ஊடகங்களில் எழுதாதீர்கள். படத்தோடு சேர்ந்து பதிவாகும் இருப்பிடக் குறியீட்டையும் நீக்கிவிட்டுப் பகிருங்கள். செடி திருடுபவர்களும் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள். எங்களுக்கு அனுப்பும்போது மாவட்டத்தையும் மலையின் பெயரையும் குறிப்பிட்டால் போதும்.